புதன்கிழமை கிளம்பாத வண்டி

ஜனவரி 3, புதன்

காலை ஆறரைக்கு வண்டியைத் தண்ணீரில் இறக்கினார்கள். பட்டனைப் பதினேழு முறை அழுத்திய பிறகுதான் கிளம்பியது. அதற்குள் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த குடும்பம் வேறு படகில் ஏறிப் போய்விட்டது.

வண்டி என்றால் வாட்டர் ஸ்கூட்டர். என் வீட்டுக்காரர் இன்னாசி, வள்ளத்தில் இருந்த பங்கை விட்டுவிட்டு, ஏதோ ஒரு விடுதியில் ஓட்டிக் கழித்ததை டிசம்பரில் வாங்கி வந்தார். கடற்கரைக்கு வருகிறவர்களைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போய் வருவது தொழில். ஓட்டுகிறவர் அடுத்த தெரு தொம்மை அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் ஆழ்கடலுக்குப் போனவர். பெட்ரோல் ஊற்றுவது, ஓட்டுவது, கழுவித் துடைத்து எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் அவர். கணக்கு நான்.

தூத்துக்குடி மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனில் கேட்டோம். தினமும் எத்தனை அழுத்தலில் கிளம்புகிறது, எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள், காய்ச்சலுக்குச் சூடு பார்த்து எழுதுவது மாதிரி என்றார். பெட்ரோல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் நோட்டில் ஒரு லிட்டர் தப்பியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

போன புதனும் இப்படித்தான் மக்கர் செய்தது. இத்தனைக்கும் நேற்று செவ்வாய். அந்தோணியார் குருசடியில் செவ்வாய்தோறும் நடக்கிற நவநாள் செபம் முடித்து வந்து, வண்டிக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஜனவரி 4, வியாழன்

மூன்று அழுத்தல். பத்து லிட்டர். வடகாற்று.

ஜனவரி 6, சனி

அண்ணாச்சி பஸ்ஸில் வந்தார். முதலில் சிவப்புக் கயிற்றைப் பார்த்தார். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற கயிறு. அதன் நுனியில் உள்ள கொக்கி சுவிட்சில் சரியாக உட்காராவிட்டால் என்ன அழுத்தினாலும் கிளம்பாதாம். சரியாகத்தான் இருந்தது. பேட்டரியைப் பார்த்தார், அதுவும் சரி. பிளக்கைக் கழற்றினார். ஈரமாக இருந்தது. துடைத்துப் பார்த்துவிட்டு வேறு போட்டார். ஐந்து விநாடிக்கு மேல் பட்டனைப் பிடிக்கக் கூடாது, ஸ்டார்டர் வெந்துவிடும் என்றார். எழுதிக்கொண்டேன்.

நான் விடாமல் கேட்டதில் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லிக் கொடுத்தார். எந்த எஞ்சினுக்கும் மூன்றுதான் வேண்டும்: தீப்பொறி, பெட்ரோல், காற்று. மூன்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். எனக்குப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று தோன்றியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

மூன்று ராஜாக்கள் திருநாள். பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்து வண்டியை மந்திரித்தார். கிறிஸ்துமஸ் வேலையில் அவருக்கு நேரமே இல்லாமல் தள்ளிப் போயிருந்தது. தீர்த்தம் தெளித்தார். வெயிலில் உடனே காய்ந்துவிட்டது. புது வள்ளத்துக்கு எவ்வளவு நேரம் செபம் சொல்வார்கள். இது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருப்பதால் சுருக்கிவிட்டாரோ என்னவோ.

ஜனவரி 10, புதன்

இருபத்து மூன்று அழுத்தல். புதுப் பிளக் போட்டும் இப்படி. தொம்மை அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வண்டியின் காதுக்குள் ஏதோ கெஞ்சினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, “மருமவளே, கோவிச்சுக்காம கிளம்புன்னேன் தங்கச்சி. எம்மவளுக்கு இன்னும் மாப்பிள பாக்கல, நீயும் காலை வாராதன்னேன்” என்றார்.

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நேற்று நான் குறை வைக்கவில்லை. காய்ச்சல்காரருக்கு நெற்றியில் தெளித்தால் மட்டும் போதாது, இரண்டு மடக்கு உள்ளேயும் கொடுப்போம். மந்திரித்த உப்பைத் தீர்த்தத்தில் கரைத்துப் போன செவ்வாய் ஒரு மூடி கொடுத்தேன். நேற்று அரை டம்ளர். என் விசுவாசத்தில்தான் ஏதோ குறை.

ஜனவரி 11, வியாழன்

நான்கு அழுத்தல். ஓடியது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் கூட்டம். இரண்டு அழுத்தல். முப்பத்தோரு சுற்று. இன்னாசி மாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டது இது மூன்றாம் முறை.

ஜனவரி 16, செவ்வாய்

நாளை காணும் பொங்கல். வருஷத்திலேயே பெரிய கூட்டம் நாளைக்குத்தான். குருசடியில் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தேன். வந்து முழுப் பாட்டிலையும் கொடுத்துவிட்டேன். இனி அந்தோணியார் பார்த்துக்கொள்வார்.

ஜனவரி 17, புதன்

நாற்பது அழுத்தலுக்கு மேல் எண்ணவில்லை. ஒருவழியாகக் கிளம்பி, ஒரு தகப்பனையும் ஆறு வயதுப் பெண்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் போனார். அலை தாண்டி, பாறைக்குப் பக்கத்தில் போனதும் எஞ்சின் நின்றது. அந்தத் தகப்பன் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டது. தொம்மை அண்ணன் கடலில் குதித்து, கயிற்றைத் தோளில் போட்டு நீந்தியே வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தோள் பிய்ந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் ஏறவில்லை.

ஜனவரி 18, வியாழன்

அண்ணாச்சி வந்தார். இன்று டேங்கையே காலி செய்து ஒரு வெள்ளை வாளியில் பிடித்தார். மேலே பெட்ரோல். அடியில் கலங்கலாக வேறு ஒன்று. டியூப் வைத்து அடியில் இருப்பதை மட்டும் தனியே எடுத்தார். விரல் நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்புக் கரிக்கி. கடத்தண்ணி” என்றார்.

மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்தார். நல்ல வளையம். தானாக உள்ளே போக வழியில்லை, யாரோ ஊற்றித்தான் போயிருக்கும் என்றார். பெட்ரோலை உருவி விற்றுவிட்டு அளவு காட்டத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் சில துறைமுகங்களில் உண்டு, அவர் பார்த்திருக்கிறார்.

இன்னாசி தொம்மை அண்ணனைப் பார்த்தார். வேறு யாரும் பெட்ரோலில் கை வைப்பதில்லை.

“என்னத்துக்கு என்னையப் பாக்க, இன்னாசி?”

“நீரே சொல்லும்.”

“பிள்ளைய ஏத்திட்டுப் போற வண்டில தண்ணி ஊத்துவனா? அதுல நானும்தானே போறேன்?”

“எம் பொண்டாட்டி ஒவ்வொரு லிட்டரா எழுதுதா. அவ நோட்டு பொய் சொல்லாது” என்று இன்னாசி என் கையிலிருந்து இந்த நோட்டை வாங்கித் தூக்கிக் காட்டினார். திறக்கவில்லை.

தொம்மை அண்ணன் என்னைப் பார்த்தார். மணிக்கட்டில் கிடந்த சிவப்புக் கயிற்றைக் கழற்றி சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சிக்குக் கொண்டுவந்த டீ ஆறிப்போயிருந்தது. உள்ளே போய் வேறு போட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. வண்டி இறக்கவில்லை.

ஜனவரி 20, சனி

அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் திரும்ப நிரப்பி வைத்திருந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். அலமாரி தூசியாக இருந்தது.

மத்தியானம் சும்மா கணக்குப் பார்த்தேன். வண்டி வந்த நாளிலிருந்து ஊற்றியது, ஓடிய சுற்று, மிச்சம். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று வகுத்தால் வரிக்கு வரி சரியாக வருகிறது. ஒரு லிட்டர் கூடக் களவு போகவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியார் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்கவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். இன்னாசி சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 23, செவ்வாய்

குருசடிக்குப் போகவில்லை. எல்லாரும் போன பிறகு, ஜாம் பாட்டிலில் முக்கால் வரை பெட்ரோல் எடுத்து, அதில் உப்புக் கரைத்த தீர்த்தம் ஒரு மூடி விட்டேன். குலுக்கினேன். கலங்கியது. பூண்டு உரித்துக்கொண்டே பார்த்திருந்தேன். பத்துப் பூண்டு முடிவதற்குள் அது கீழே இறங்கித் தனியாக நின்றது. அண்ணாச்சியின் வாளியில் பார்த்த அதே கலங்கல்.

பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். டிசம்பர் 27, ஜனவரி 3, 10, 17. எல்லாம் புதன்.

நான்தான். இதை எழுதுவதற்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அண்ணாச்சி நாக்கில் வைத்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

ஜனவரி 24, புதன்

ஒரே அழுத்தல். இன்னாசிதான் ஓட்டினார். கரையேறி வீட்டுக்கு வந்து, “பாத்தியா மெட்டில்டா, அவன் போனதும் சரியாயிட்டு” என்றார். கரையில் இருந்தவர்களிடமும் சொன்னாராம். நான் தட்டில் சோறு போட்டேன்.

ஜனவரி 26, வெள்ளி

எங்கள் அன்பியத்தில் பதினான்கு குடும்பம். மாதம் ஒரு வீட்டில் செபம். இந்த மாதம் தொம்மை அண்ணன் வீடு. செபம் வைக்கிற வீட்டுக்காரி முந்தின நாள் ஒவ்வொரு வாசலாகப் போய் அழைப்பது வழக்கம். நேற்று அவர் மனைவி ரெஜினா மைனி வந்தாள். வாசலிலேயே நின்று, “நாளைக்கு ஏழு மணிக்கு. நீங்களாவது வந்துருங்க” என்றாள். ‘நீங்களாவது’ என்று சொன்னாள். இன்னாசிக்கு மேலுக்கு முடியவில்லை, பார்க்கிறேன் என்றேன். இன்னாசி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் அதையும் பார்த்தாள்.

இன்று நான் போகவில்லை. இரண்டு பேர்தான் போனார்களாம். கேசரி ஒரு சட்டி அப்படியே மிஞ்சியதாம். களவாண்ட வீட்டில் எப்படிக் கைநனைப்பது என்று கேட்டார்களாம். இதை எனக்குச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் என்ன சொன்னேன் என்றால், ஆமாம் என்றேன்.

ஜனவரி 28, ஞாயிறு

தொம்மை அண்ணனை எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். எஞ்சின் உள்ள எதிலும் அவரை விடமாட்டார்களாம். கொல்லத்தில் விசைப்படகு ஒன்றில் சொல்லி வைத்து, வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்குப் போகிறார். அவர் மகளைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஜனவரி 29, திங்கள்

இன்னாசியிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்திருந்தார். ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். டிரம்முக்குப் பின்னால் இருந்ததையும் எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜாம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எவ்வளவு கொடுத்த?”

“கடைசியில ஒரு பாட்டில்.”

“அந்தப் பிள்ள கடலுக்குள்ள போயிருந்தா?”

நான் ஜாம் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினேன்.

பிறகு அவராகவே முடிவு செய்தார். இதை வெளியே சொல்லக் கூடாது. கரையில் தலை காட்ட முடியாது, ஏறுகிற ஆளும் ஏற மாட்டான். தொம்மையை அவரே போய்க் கூப்பிடுவார். நடந்தது நடந்துபோச்சு, மன்னித்துவிட்டேன், வேலைக்கு வாரும் என்று சொல்வார். அவருக்கும் வேலை ஆயிற்று, நமக்கும் மானம் ஆயிற்று.

எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜனவரி 30, செவ்வாய்

இன்னாசி போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு தொம்மை அண்ணன் எழுந்து நின்றாராம்.

“நீ என்னைய மன்னிக்க நான் என்ன செஞ்சேன், இன்னாசி? செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு உன் வண்டில ஏறச் சொல்லுதியா? எம்மவ கழுத்துல அந்தப் பேரோடயா தாலி ஏறணும்?”

கேட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். இனி நம்ம கையில் ஒன்றும் இல்லை என்றார். படுத்துவிட்டார்.

ஜனவரி 31, புதன்

வண்டி இரண்டு அழுத்தலில் கிளம்பியது. இனி இதை எழுத வேண்டியதில்லை.

இன்னாசி கடலுக்குப் போனதும் முக்காடு போட்டுக்கொண்டு தொம்மை அண்ணன் வீட்டுக்குப் போனேன். பையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தோளில் கயிறு அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. ரெஜினா மைனி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். தீர்த்தம், உப்பு, செவ்வாய்க்கிழமை, பாட்டில். நடுவில் அழக் கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன், அழவில்லை.

அண்ணன் கேட்டார், “எப்போ தெரியும் தங்கச்சி?”

“அண்ணாச்சி நாக்குல வச்சுப் பாத்த அன்னைக்கே.”

அவர் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தார்.

மைனி கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள். “தண்ணி ஊத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எங்க காச்சல்காரங்களுக்கும் நான் கொடுக்கேன். தெரிஞ்சிக்கிட்டு எங்க வீட்டு செபத்துக்கு ஏன் வரல? நீங்க ஒருத்தி வந்து அந்தப் பாயில உக்காந்திருந்தா போதுமே.”

அந்தப் பாய் சுவரோரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

காலில் விழப் போனேன். அண்ணன் பின்னால் நகர்ந்துகொண்டார். “எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்லா. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு” என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். அன்பியத்தில் அண்ணன் வீடும் எங்கள் வீடும் போகப் பன்னிரண்டு வாசல். செபத்துக்கு அழைக்கிற மாதிரியே ஒவ்வொன்றாகப் போனேன். எல்லா இடத்திலும் முழுசாகச் சொன்னேன். முதல் வீட்டில் பாதியில் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். மூன்றாம் வீட்டில் அந்த அக்கா சிரித்துவிட்டாள். உள்ளே போய் மருமகளையும் கூட்டி வந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஐந்தாம் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி, “அன்னைக்கு நீயும்தானே ஆமான்னு சொன்ன?” என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

எல்லா வாசலிலும் ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, இன்று வரைக்கும் நான் மறைத்துவிட்டேன் என்றேன். அந்த ஒரு பொய்யாவது நான் அவருக்குத் தர வேண்டும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டும் முடிந்து கடற்கரைக்குப் போனேன். வலை பின்னுகிற கொட்டகையில் பெண்கள் ஏறுவதில்லை. மணலிலேயே நின்றேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். இன்னாசியும் இருந்தார். அண்ணனும் வந்திருந்தார். ஊருக்குப் போகிறவர் பாக்கிக் கணக்கு முடிக்க வந்திருக்கிறார் போல. ஒரு ஓரமாக நின்றார்.

சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. முடித்ததும் ஒருவர், “அப்ப வண்டி செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நவநாள் இருந்திருக்கு” என்றார். சிரித்தார்கள். சிரிப்பு இன்னாசி பக்கமாகத் திரும்பியது. “ஏல இன்னாசி, வீட்டுல என்ன நடக்குன்னு கூடத் தெரியாமலா இருந்த?”

“பாவம் அவுகளுக்குத் தெரியாது” என்று நான் சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னாசி எழுந்தார். என்னை அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். கொட்டகையை விட்டு இறங்கி வந்து, என் பக்கத்தில் மணலில் நின்றார்.

“தெரியும்” என்றார். “திங்கக்கெழமையே சொல்லிட்டா. தெரிஞ்சிதான் மறுநா போயி, மன்னிச்சிட்டேன்னு தொம்மைகிட்டச் சொன்னேன்.”

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

தொம்மை அண்ணன் எங்கள் முன்னால் வந்து நின்றார். கொல்லத்துக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், இரண்டு மாசம் கழித்து வந்தால் வருவேன், வராமலும் போவேன் என்றும் சொன்னார். “பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். இனி ரெஜினா தெருவுல நடக்கையில யாரும் ஒண்ணும் பேசமாட்டாவல்லா. அதுக்குத்தான் கேட்டேன்” என்றார். இன்னாசி கையை நீட்டினார். அண்ணன் பிடிக்கவில்லை. பை எடுக்க வீட்டுக்குப் போய்விட்டார்.

நாங்களும் கிளம்பினோம். தெருவில் போகும்போது இன்னாசி எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் போவார். எல்லா வாசலிலும் ஆள் நின்றது. இன்று அவர் முன்னால் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. நான் மெதுவாக நடந்தேன். அவரும் மெதுவாக நடந்தார்.